‘போல’ இல்லாத வகுப்பு

மாணவர்கள் தமிழ் டீச்சருக்கு வைத்திருந்த பெயர் பச்சைப் பேனா. சிவப்பு மை பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று பச்சைக்கு மாறியவர் அவர். பயம் நிறத்தில் இல்லை என்பது அவருக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தருவது அவர் வேலை. அதைச் சரியாகவே செய்தார். ‘கண்கள் குளமாயின’ என்று எழுதிய பையனிடம், “நீ கடைசியா எப்ப அழுத? மூக்குதானே முதல்ல ஒழுகுச்சு? அதை எழுதுடா” என்பார். வகுப்பு சிரிக்கும். பையனும் சிரித்துக்கொண்டே மாற்றி எழுதுவான். ஒரு சத்தத்தில் தொடங்கு, ஒரு பொருளில் முடி, கருத்துச் சொல்லாதே, ‘போல’ போடாதே. கடைசி விதியில் மட்டும் அவர் இளகியதே இல்லை. ஒன்றைச் சரியாகப் பார்த்தவனுக்கு இன்னொன்றின் துணை எதற்கு என்று கேட்பார். அதில் பாதி உண்மை உண்டு. அதனால்தான் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

வீட்டிலும் அந்தப் பேனா ஓயாது. லாரி ஓட்டும் கணவர் ஊர் திரும்பிச் சாப்பிட உட்கார்ந்து, “இன்னிக்குச் சாப்பாடு அமர்க்களம்” என்பார்.

“அமர்க்களம்னா என்ன? உப்பு சரியா இருக்கா, இல்லையா?”

“தாயே, சோத்துக்கும் மார்க் போடாத. பசிக்குது.”

அந்த ஆண்டு, பல பள்ளிகள் கலந்துகொண்ட கட்டுரைப் போட்டிக்கு மூன்று பேரை அனுப்பினார். முதல் பரிசு, விடுதியோடு கூடிய பெரிய பள்ளியில் ஓர் இடம். மூவரில் வெல்டிங் பட்டறைக்காரரின் மகளுக்குத்தான் அது உயிர்ப் பிரச்சினை. அடுத்த ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பட்டறையில் உட்காரவைப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

முடிவு வரவில்லை. தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காருங்க டீச்சர். நம்ம பசங்க மூணு பேர் கட்டுரையையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. ஒரே ஆள் எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்கன்னு நடுவர் சொல்றார்.”

தலைப்பு ‘வீடு திரும்பும் நேரம்’. மூன்று கட்டுரைகளும் தாழ்ப்பாள் சத்தத்தில் தொடங்கியிருந்தன. ஒன்று டம்ளரில் முடிந்தது, ஒன்று செருப்பில், ஒன்று குடையில். மூன்றிலும் யாரும் யாரைப் போலவும் இல்லை.

“நான் எழுதிக் குடுக்கலை சார்.”

“எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியணுமே! நாளைக்கு நேர்ல வரார். அவர் கண்ணு முன்னாடி வேற தலைப்புல மறுபடி எழுதணும். சந்தேகம் தீரலைன்னா மூணு பேரையும் நீக்கிடுவாங்க.”

மதியம் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்துவிட வேண்டும் என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டீச்சர் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, குடிதண்ணீர்க் குழாயடியில், பட்டறைக்காரர் மகளின் குரல் கேட்டது.

“எங்கப்பா சாயங்காலம் அந்த வெல்டிங் கண்ணாடியைக் கழட்டினா பாக்கணுமே! மூஞ்சி பூரா கரி, கண்ணைச் சுத்தி மட்டும் வெள்ளை. யாரோ ரப்பர் வெச்சு அழிச்ச மாதிரி. அந்த ரெண்டு வட்டத்தை வெச்சுக்கிட்டு எங்கம்மாவை முறைப்பார் பாரு, எங்கம்மா சண்டையை மறந்துட்டுச் சிரிச்சிடுவாங்க.”

“இதைப் போட்டியில எழுதியிருக்கலாம்லடி?”

“எழுதினா? பச்சைப் பேனா ‘போல’ வந்துடுச்சுன்னு ஒரே வெட்டு. அதான் அப்பாவை விட்டுட்டு குடையை எழுதினேன்.”

அந்தக் குடையை அவர் நினைத்துப் பார்த்தார். மூலையில் சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்த நல்ல குடை. எழுத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டில் அப்பா இல்லை, அவ்வளவுதான்.

அன்று மதியம் அவர் யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் தேர்வு அறை வாசலில் அவள் ஓடிவந்தாள். “டீச்சர், எந்தச் சத்தத்துல ஆரம்பிக்கட்டும்?”

“உனக்குத் தோணினதுல.”

“கோவமா டீச்சர்?”

“இல்லைம்மா.”

“பின்ன ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? எனக்கு இந்த இடம் வேணும் டீச்சர்.”

சொல்லிக்கொடுப்பது எளிது. சொன்னதை அப்படியே செய்துவிடுகிற பெண் அவள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “நேத்து குழாய்கிட்ட பேசினியே, அதே மாதிரி எழுது” என்றார்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, பட்டப்பேரும் காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. உள்ள போ.”

நடுவர் பத்திரிகையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கொடுத்த தலைப்பு ‘எங்கள் வீட்டில் ஒருவர்’. ஒரு பையன் அன்றும் சத்தத்தில் தொடங்கிப் பொருளில்தான் முடித்தான். ஏன் என்று கேட்டதற்கு, “எனக்கு இப்படித்தான் சார் வருது” என்றான். யாரும் உதவாத அறையில் அப்படி எழுதியவனை நடுவர் நம்பினார். கற்றுக்கொடுத்தது சிலருக்குச் சொந்தமாகவே ஆகிவிடுகிறது. இன்னொரு பையனும் சந்தேகத்திலிருந்து தப்பித்தான்.

பட்டறைக்காரர் மகளின் தாளில் வாக்கியங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. நடுவர் ஓரிடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

“அப்போ முன்னாடி எழுதினது யாரும்மா?”

“அதுவும் நான்தான் சார். அது டீச்சருக்குப் பிடிக்கட்டும்னு எழுதினது. இது எங்கப்பாவைப் பத்தி.”

நடுவர் ஆசிரியரைப் பார்த்தார். “அது கச்சிதம். ஆனா பரிசுக்கு இதைத்தான் எடுத்துக்கப்போறேன் டீச்சர். இதுல ஒரு மனுஷன் இருக்கார்.”

ஆசிரியர் தலையாட்டினார். முகம் சிவந்திருந்தது.

மறுவாரம், இடம் அவளுக்குத்தான் என்று செய்தி வந்தது. அவள் தன் கட்டுரைத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். “நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே டீச்சர்.”

அவர் படித்தார். ரப்பர் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி படித்தார். கடைசிப் பத்தியில், ‘அம்மாவின் சிரிப்பு வெள்ளி மணி போல’ என்று வந்ததும் கை தானாகப் பேனாவின் மூடியைக் கழற்றியது.

“அந்த ‘போல’தானே டீச்சர்?”

பேனா அந்தரத்தில் நின்றது. “உங்கம்மா சிரிச்சா நிஜமா எப்படிக் கேக்கும்?”

அவள் யோசித்தாள். “குக்கர் மாதிரி. முதல்ல உஸ்ஸுன்னு வரும், அடக்கிப் பார்ப்பாங்க. அப்புறம் விசில்தான்.”

பச்சைப் பேனா டீச்சர் குலுங்கிச் சிரித்தார். பேனாவை அவள் பக்கம் நீட்டினார். “நீயே வெட்டு. நீயே எழுது.”

“பச்சையிலயா?”

“வேற பேனா இருந்தா எடுத்துக்கோ.”