வெண்டைக்குக் கொண்டுபோன கேன்

காலை 5.40. திட்டக்குடியில் விருத்தாசலம் வண்டி ஏறினேன். அக்கா ஊரான குமராட்சிக்கு மூன்று வண்டி மாற வேண்டும். சட்டைப்பையில் சில்லறை இருக்கிறதா என்று நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். என் சுபாவம் அப்படி.

மூன்று வாரத்துக்கு முன் இதே வழியில் போனபோது மடியில் ஐந்து லிட்டர் கேன். வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதொடை இலைகளை இடித்து, பதினைந்து நாள் கோமியத்தில் ஊறவைத்து வடிகட்டிய பூச்சிவிரட்டி. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு ஊரில் மதிப்பு இதனால்தான். அக்காவின் வெண்டையில் அசுவினிப் பூச்சி என்றதும் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் மூடி கழன்றுவிடுமோ என்றே கவலை.

முந்தாநாள் அக்கா போன் செய்தாள். "இலையெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சுடா. வந்து பாரு."

ஒன்பது மணிக்குச் சிதம்பரம். இரண்டு இட்லியில் ஒன்றுதான் இறங்கியது. குமராட்சி மினிபஸ்ஸில் பக்கத்தில் மீன் கூடைக்கார அம்மா.

"யாரு வூட்டுக்கு?"

சொன்னேன்.

"வெண்டை வீணாப்போச்சே, அந்த வூடா? மச்சான்காரன் எவனோ இலைதழையக் கரைச்சி ஊத்திட்டுப் போனானாம்!"

"அப்படியா?" என்றேன், யாரோ எவரோ போல.

அக்கா வீட்டுக் கொல்லையில் எட்டு சென்ட் வெண்டை. இலைகள் அகலம் போய், ரிப்பன் போல நீண்டு திருகி நின்றன. இது பூச்சி வேலை இல்லை. என் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தபோது ஓரத்துச் செடிகள் இப்படித்தான் ஆயின.

மோட்டார் கொட்டகையில் கிடந்த என் கேனைத் திறந்து முகர்ந்தேன். கோமிய வாடைக்கு அடியில் அந்தக் களைக்கொல்லி வாடை. களைக்கொல்லி தீர்ந்த கேனை சோப்பு போட்டு மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் பூச்சிவிரட்டியை ஊற்றினேன். போதும் என்று நினைத்துவிட்டேன்.

அக்கா வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார். "உம்மேல தப்பு இல்ல மச்சான். இந்த இலைதழை எங்க மண்ணுக்கு ஆவல. பக்கத்துக் கொல்லைக்காரங்களையும் வேணாம்னுட்டேன். கடை மருந்தே அடிச்சிக்கிறோம்."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"தப்பு மருந்துல இல்ல மாமா. களைக்கொல்லி கேன்ல ஊத்தியாந்தேன்."

அவர் கேனை வாங்கி முகர்ந்தார். "மூடி பத்திரம், மூடி பத்திரம்னு ஜாஸ்தியா சொன்னியே. கேனு எதுன்னு ஒரு வாட்டி நெனச்சியா?"

அக்கா சோறு போட்டாள்.

மதியம் 2.15. யாரும் மறுபடி எடுக்காதபடி கேனில் ஆணியால் ஓட்டை போட்டு, என்னோடு கொண்டுவந்தேன். மினிபஸ்ஸில் அதே அம்மா, காலிக் கூடையோடு.

"என்னா கேனு அது, ஓட்டையும் ஒடைசலுமா?"

"காலையில சொன்னீங்களே, அந்த மச்சான்காரன் நான்தான். மருந்து நல்ல மருந்து. நான் ஊத்துன கேனுதான் விஷக் கேனு. கேக்குறவங்ககிட்ட சொல்லுங்க."

"கேக்காதவங்ககிட்டயும் சொல்றேன்" என்று சிரித்தாள்.

சிதம்பரம் வரும்வரை ஏறினவர்களிடமெல்லாம் என்னைக் கை காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.