அண்ணியின் டிரம்முக்குப் புதுக் கம்பி

என் அண்ணனுக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் ரசமட்டம். தச்சு வேலை. கோணலாக எதைப் பார்த்தாலும் அவன் கை சும்மா இருக்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, சுவரில் சாய்ந்திருந்த படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தான். நான் மானம் போய் வெளியே வந்துவிட்டேன்.

அண்ணி பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர். சனிக்கிழமை மாலைகளில் நடன மன்றத்தில் டிரம் வாசிப்பார். மூடிப்போன கிளப் ஒன்றிலிருந்து பழைய ஸ்நேர் டிரம் ஒன்றை ஆசையாக வாங்கிவந்தார். மர உடம்பு, பார்க்க அவ்வளவு அழகு. அடித்தோலின் மேல் கிடக்கும் கம்பிச்சுருள்கள்தாம் துருப்பிடித்திருந்தன. அந்தக் கம்பிகள்தாம் அதற்குக் குரல். மேலே தட்டினால் கீழே அவை தோலில் உரசி ‘சர்’ரென்னும். அவை இல்லாவிட்டால் அது வெறும் டப்பா.

அண்ணன் அதைக் கழற்றி, மெருகேற்றிக் கொடுத்தான். அண்ணி புதுக் கம்பி வாங்கி, நாடாவால் கட்டி, திருகை முறுக்கினார். மெல்லத் தட்டினால் பேச்சே இல்லை. பலமாகத் தட்டினால் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற இரைச்சல். வேறு கம்பி வாங்கி மாற்றினார். அதே கதைதான்.

மன்றத்தின் வாத்தியக் குழுத்தலைவர் வாய் கூசாமல் சொன்னார்: “டிரம்மும் நல்ல டிரம், கம்பியும் புதுசு. உங்க கைதான் முன்ன மாதிரி இல்லம்மா.” ஐம்பதை நெருங்கும் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? அண்ணி அதை நம்பிவிட்டார். தினமும் கையை வெந்நீரில் ஊறவைத்தார். கடைசியில், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன் செய்துவிடப் போவதாக என்னிடம் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“கொஞ்சம் பொறுங்க அண்ணி. ஒரு தடவை பாத்துரலாம்” என்றேன். சங்கீதத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. டிரம்மைக் கவிழ்த்து, ஒரு காகிதத் துண்டைக் கம்பிக்கு அடியில் நுழைத்தேன். நடுவில் சிக்கியது. இரண்டு ஓரங்களிலும் தாராளமாகப் போய் வந்தது.

“இங்க கம்பி தோலைத் தொடவே இல்லையே, ஏன்?”

அண்ணி குனிந்து பார்த்தார். உடனே வளையத்தையும் தோலையும் கழற்றி, மர விளிம்பில் விரலை ஓட்டினார். இன்னொரு சுற்று ஓட்டினார். “கம்பி வெளிய வர்ற ரெண்டு எடத்துலயும் ஓரம் லேசாப் பள்ளமா இருக்கணும். அப்பதான் கம்பி படிஞ்சு உக்காரும். எங்க போச்சு அது?”

பக்கத்துப் பட்டறையிலிருந்து அண்ணன் பெருமையாகத் தலையை நீட்டினான். “அதுவா? ரெண்டு பக்கமும் தேஞ்சு கெடந்துச்சு. பட்டி வெச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டு மட்டம் பண்ணிட்டேன். இப்ப கண்ணாடி மேல வெச்சுப் பாரு, ஒரு இடுக்கு தெரியாது!”

“அடப்பாவி!” என்று நான் கத்தியேவிட்டேன்.

அண்ணி கத்தவில்லை. “அது தேய்மானம் இல்லீங்க. செஞ்சவன் வேணும்னே செதுக்கினது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

அண்ணன் அரத்தை எடுத்துவந்து தன் வேலையைத் தானே ராவினான். கொஞ்சம் ராவுவான், பழக்கதோஷத்தில் நேர்சட்டத்தை வைத்துப் பார்ப்பான், இடைவெளி தெரிந்ததும் உதட்டைக் கடிப்பான்.

“இன்னும் எறக்கணுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

பெற்ற பிள்ளையைக் கிள்ளுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ராவி முடித்தான். எனக்குச் சிரிப்பு வேறு.

அண்ணி தோலைப் போட்டு, கம்பியைக் கட்டி, கம்பியைத் தோலோடு சேர்க்கும் பக்கவாட்டு விசையைத் தூக்கினார். மேல்தோலை விரல் நுனியால் தொட்டார். ‘சர்’ரென்றது. குச்சிகளை எடுத்து, காதோடு பேசுகிற அளவுக்கு மெல்ல உருட்டினார். ஒரு தட்டுகூட விடுபடவில்லை. சட்டென்று நிறுத்தித் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் கை போகல” என்றார். “என் கை போகலங்க.” அழுதுவிட்டார்.

அண்ணன் வாசல் பக்கம் போய்க் குழுத்தலைவருக்குப் போன் போட்டான். “நான் அவ வீட்டுக்காரன் பேசறேன் சார். சனிக்கிழமை அவதான் வாசிக்கிறா. அவ கையில ஒரு குறையும் இல்ல, கெடுத்தது நான். எல்லார் முன்னாடியும் வந்து சொல்றேன்.”