நெருப்போடுதான் போக வேணும் என்றார் அண்ணா

அண்ணா மறைந்து ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளும் நண்பர்களும் என் அண்ணாவை அமைதியானவர், பொறுமைசாலி என்றுதான் நினைவில் வைத்திருப்பீர்கள். கோயிலில் ஓரமாக நின்று மோதகத்தை வாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போகிற மனிதரைத்தான் நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அவர் பேசாமல் நின்றது பொறுமையால் அல்ல. வாழ்நாள் முழுக்கக் கொதிகலன்களுக்குப் பக்கத்தில் நின்றதில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. நீங்கள் கதைத்தது அவருக்குக் கேட்கவே இல்லை. மறைந்தவரைப் புகழ்ந்து எழுதுவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் அவருடைய ஒரே தங்கை. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா ஊர்காவற்றுறையில் பிறந்தார். அப்பா துறைமுகத்துச் சுங்கக் கந்தோரில் காவலாளியாக இருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அப்பாவும் நெடுநாள் இருக்கவில்லை. வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த அண்ணா படிப்பை விட்டார். என்னைச் சின்னம்மா வீட்டில் சேர்த்துவிட்டுக் கொழும்புக்குப் போய், வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறினார். மேல்தட்டில் நின்று கடல் பார்க்கிற வேலை இல்லை. அடியில், கொதிகலனுக்கு முன்னால் நின்று நெருப்பைப் பார்த்துக்கொள்கிற வேலை. பாதி உலகத்துத் துறைமுகங்களுக்குப் போய்வந்த மனிதர், ஒன்றைப் பற்றியாவது ஒழுங்காகச் சொல்ல மாட்டார். "சிங்கப்பூர் எப்பிடியண்ணா?" என்று கேட்டால், "நல்ல சூடு, பிள்ளை" என்பார். அவர் சொன்னது எஞ்சின் அறையின் சூட்டை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவர் அனுப்பிய காசில் சின்னம்மா வீட்டு ஓலைக் கூரையைப் பிரித்து அஸ்பெஸ்டஸ் சீற் போட்டோம். எங்கள் ஒழுங்கையில் முதல் சீற் வீடு அதுதான். அந்த வருட மாரிக்கு ஒழுக்குக்குச் சட்டி வைக்கத் தேவையே வரவில்லை. பார்க்க வந்த அயலட்டையெல்லாம் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று போகப்போகத் தெரியும்.

நாட்டில் சண்டை வந்தபிறகு அண்ணா நோர்வேக்கு வந்து சேர்ந்தார். முதலில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலை. பிறகு திராமன் நகருக்கு வந்து ஒரு கடதாசி ஆலையில், அங்கேயும் கொதிகலன் பகுதிதான். என்னையும் இங்கே எடுப்பித்து, எனக்குக் கல்யாணமும் பேசி, ஒஸ்லோவில் குரோருட்டில் குடியிருத்தினார். தான் மட்டும் கட்டவில்லை. கேட்டால், "எனக்கு வயசு போட்டுது" என்பார். அப்போது அவருக்கு அப்படியொன்றும் வயது போகவில்லை.

அந்த ஆலையில் அவரோடு வேலை செய்தவர் ஆர்னே என்ற நோர்வேக்காரர். ஒரு சனிக்கிழமை அவர் அண்ணாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, திராமனுக்கு அப்பால் உள்ள ஏரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பழைய நீராவிச் சரக்குக் கப்பல் கரையில் கட்டிக் கிடந்தது. ஒரு காலத்தில் மரமும் மாவும் ஏற்றி ஏரிக்கரை ஊர்களுக்குக் கொண்டுபோன கப்பல் அது. லொறிகள் வந்தபிறகு அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆர்னேயும் சில பேரும் ஒரு சங்கம் வைத்து அதைத் திருத்தி, கோடை ஞாயிறுகளில் ஆட்களை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்னேதான் கப்டன். நெருப்புப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அண்ணா கொதிகலனின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாராம். பிறகு சேட்டுக் கையை மடித்துவிட்டாராம்.

அன்றோடு அண்ணாவின் சனியும் ஞாயிறும் எங்கள் கையை விட்டுப் போயின. அந்தக் கொதிகலனை அவசரப்படுத்த முடியாது. ஞாயிறு ஓட வேண்டுமென்றால் வெள்ளியே சின்னதாக விறகு நெருப்பு வைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும், இல்லாவிட்டால் தகடு வெடித்துவிடும். என் மகனின் பிறந்தநாளுக்கு வரமாட்டார், மச்சாளுக்குச் சூடு ஏற்ற வேண்டும். ஆம், அந்தக் கப்பலுக்கு எங்கள் வீட்டில் மச்சாள் என்றுதான் பெயர். அண்ணன் பெண்சாதியைக் கூப்பிடுகிற முறையில் நான்தான் வைத்தேன், எரிச்சலில். அண்ணா அதைக் கேட்டுக் கோபிப்பதற்குப் பதிலாக வெட்கப்பட்டார். அதற்குப் பிறகு அவரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஒவ்வொரு முறையும் நெருப்பு மூட்டுவதற்கு முன், நிலக்கரி அள்ளும் சவளில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, கொதிகலனின் வாய்க்கு முன்னால் மூன்று தரம் சுற்றி, அப்படியே உள்ளே தள்ளுவார். விறகு அதிலிருந்துதான் பற்ற வேண்டும். கப்டன் ஆர்னே இதைப் பல வருடமாக எஞ்சின் முறை என்றே நினைத்திருந்தார். கற்பூரம் முடிந்தால் அவரே ஒஸ்லோவுக்கு வந்து தமிழ்க் கடையில் வாங்கிப்போவார். "இந்த இடத்தில் ஈரமான காற்று, இல்லாவிட்டால் பற்றாது" என்று எனக்கே விளக்கம் சொன்னவர். நான் திருத்தவில்லை.

சில வருடங்களுக்கு முன் கப்பலைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். அடித்தகடு மெலிந்துவிட்டது என்றார்கள். அதைவிடப் பெரிய சங்கதி, சூடு வெளியே போகாமல் கொதிகலனைச் சுற்றிக் கட்டியிருந்த கனத்த சுற்று முழுக்க அஸ்பெஸ்டஸ். அதை உரித்து எடுக்கும்வரை நெருப்பு வைக்கக்கூடாது என்று உத்தரவு. உரிப்பதற்கு அதற்கென்று பழகிய ஆட்கள் வேண்டும், சங்கத்துக்கு அந்தச் சக்தி இல்லை. கப்பல் ஆறிப்போய்க் கிடந்தது. அண்ணா அப்போதும் சனிக்கிழமைகளில் போய்க் கரையில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

பிறகு அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வயது என்றார், குளிர் என்றார். திராமன் ஆஸ்பத்திரியில் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அஸ்பெஸ்டஸ் தூசு நெடுங்காலத்துக்கு முன் உள்ளே போயிருக்க வேண்டும் என்றார் டொக்டர். எந்தக் கப்பலில் போனது என்று கேட்டேன். கடல் கப்பலா, ஆலையா, ஏரிக் கப்பலா, அதைச் சொல்ல முடியாது என்றார். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அதனால் மச்சாளைத் திட்டினேன். அவள் உடைந்து பழைய இரும்பாகப் போக வேண்டும் என்று சுவாமி அறையில் நின்று கேட்டேன்.

ஆர்னே ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னை வெளி நடைக்குக் கூட்டிக்கொண்டுபோய், கண்ணைத் துடைத்துத் துடைத்து நோர்வே மொழியில் ஒன்று சொன்னார். அண்ணா கப்பலுக்கு வந்த புதிதில் அந்தச் சுற்று பல இடத்தில் கிழிந்து தொங்கியதாம். அஸ்பெஸ்டஸ், கை வைக்க வேண்டாம் என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அண்ணா சிரித்துவிட்டு மற்ற எல்லாரையும் கரையில் இறக்கிவிட்டு, தனியே உள்ளே நின்று, வெறும் கையால் வெட்டி, அடைத்து, ஒட்டுப் போட்டாராம். வெளியே வரும்போது தலைமயிர் வெள்ளையாக இருந்ததாம்.

நான் நேரே உள்ளே போனேன்.

"அண்ணா, அது நஞ்செண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"சொன்னவங்கள்தான்."

"பிறகேன் கை வைச்சனியள்?"

"எடி பிள்ளை, சின்னம்மா வீட்டிலை நீ அதுக்குக் கீழைதானே படுத்தெழும்பினனி? உனக்கென்ன நடந்தது? இவங்கள் எல்லாத்துக்கும் பயப்பிடுறவங்கள் எண்டு நினைச்சன்."

எங்கள் ஊரில் அது பெருமை. அதன் கீழே வளர்ந்த யாருக்கும் அது நஞ்சென்று மனம் ஏற்காது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இடித்தது.

"பயமில்லையெண்டால் அவையை ஏன் கரையிலை இறக்கிவிட்டனியள்?"

அண்ணா போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு, "அவைக்குப் பிள்ளை குட்டி இருக்கு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் கத்திவிட்டேன். தாதி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "எனக்கு நீங்கள் இருந்தியளே, அதை யோசிக்கேல்லையோ?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ, என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ரை சாம்பலைக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகாதை. அந்த ஏரியிலை கரைச்சுவிடு. மச்சாளிலை கொண்டுபோ. ஆனா நெருப்போடைதான் போக வேணும். செத்த மாட்டை இழுக்கிற மாதிரிக் கட்டி இழுத்துக்கொண்டு போகக்கூடாது." நான் ஓம் என்றேன். அவருக்கு முன்னால் வேறு எதைச் சொல்வது?

பனி விழத் தொடங்கிய நாட்களில் அண்ணா போய்விட்டார். பிள்ளை இல்லாதவருக்கு என் மகன், அவருடைய மருமகன், கொள்ளி வைத்தான். இங்கே கொள்ளி என்றால் எரியூட்டும் கூடத்தில் அழுத்துகிற ஒரு பொத்தான். நெருப்போடு வாழ்ந்த மனிதருக்கு ஒரு பொறி நெருப்பைக்கூட நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை.

ஏரியில் கரைக்க அனுமதி கிடைத்தது. ஆனால் இந்த நாட்டுச் சட்டப்படி அரை வருடத்துக்குள் சாம்பலுக்கு ஒரு முடிவு செய்துவிட வேண்டும். அதற்குள் மச்சாளுக்கு நெருப்பு வருமா என்பதுதான் என் கவலை. உடைந்து போ என்று கேட்ட அதே வாயால், பிழைத்து வா என்று கேட்டேன். கப்பல் சங்கத்தின் கூட்டங்களுக்கும் போய்க் குந்தினேன். சுற்றை உரித்துத் திரும்ப ஓட்ட வேண்டும் என்றார்கள் சிலர். கொதிகலனை மூடி முத்திரை வைத்து, சும்மா பார்வைக்கு நிறுத்தலாம் என்றார்கள் சிலர். உடைக்கக் கொடுத்துவிடுவோம், எங்களுக்கும் வயது போகிறது என்றார் ஒருவர், தலையைக் குனிந்துகொண்டு. காசு கேட்டதற்கு நகரசபை பார்ப்போம் என்றது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டமும் ஒத்திவைக்கப்பட்டது. பனி உருகிவிட்டது.

தவணை முடிகிற நேரத்தில் ஆர்னே தொலைபேசி எடுத்தார். கரையில் ஏதோ கட்டிடம் வருகிறது, கப்பலை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்கள், எதிர்க்கரைக் குடாவுக்கு இழுத்துப் போகிறோம், விரும்பினால் நீங்கள் ஏறலாம் என்றார். கடைசியில், "நெருப்பு இல்லை" என்றார்.

வீட்டில் எல்லாரும் மோட்டார் படகு ஒன்று பிடிப்போம் என்றார்கள். திராமன் மயானத்தில் புதைத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். அண்ணா மச்சாளோடு போக வேண்டும், நெருப்போடும் போக வேண்டும். இரண்டும் இல்லாமல் போவதைவிட ஒன்றாவது இருக்கட்டும் என்று கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

கொதிகலன் அறைக் கதவைத் தடித்த பிளாஸ்ரிக் சுற்றி, எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். புகைபோக்கியில் ஒரு குருவி இருந்தது. முன்னால் ஒரு சின்ன டீசல் படகு புகை தள்ளிக்கொண்டு எங்களை இழுத்தது. அண்ணா வேண்டாம் என்று சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

நடு ஏரிக்கு வந்ததும் ஆர்னே மேல்தட்டுக்கு வந்தார். கையில் அண்ணாவின் சவள். "வெளிக் கொட்டகையில் இருந்தது, தூசு இல்லை, கழுவிவிட்டேன்" என்று முதலில் அதைத்தான் சொன்னார். மற்றக் கையில் கற்பூரப் பெட்டி. "எத்தனை துண்டு வைக்க வேண்டும்? அவர் எப்போதும் தானே வைப்பார், நான் எண்ணவில்லை" என்றார். எனக்கும் தெரியாது. இருந்த எல்லாவற்றையும் கொட்டினேன்.

காற்று விடவில்லை. கணவரும் மகனும் ஜக்கெட்டுகளைக் கழற்றி மறைத்துப் பிடித்தார்கள். பற்றியதும், மூடிக் கிடந்த அந்தக் கதவுக்கு முன்னால் மூன்று தரம் சுற்றினேன். பெண்கள் செய்கிற காரியம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். சவளை மேல்தட்டில் வைத்து, அது எரிந்துகொண்டிருக்கும்போதே அண்ணாவைத் தண்ணீரில் விட்டேன். திரும்பிப் பார்க்கும்போது ஆர்னே தொப்பியைக் கழற்றிக்கொண்டு, புகை வருகிறதா என்று புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். பழக்கதோஷம்தான்.

நன்றி சொல்லாமல் இந்த மலர் முடியாது. ஆஸ்பத்திரியில் அண்ணாவின் காதுக்குக் கிட்டக் குனிந்து உரத்துக் கதைத்த தாதிமாருக்கும், செத்தவீட்டன்று எங்கள் அடுப்பை மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த குரோருட் சனங்களுக்கும், கிரியைகளைக் குறைவில்லாமல் செய்துதந்த கோயில் ஐயாவுக்கும், திராமனிலிருந்தும் மோர்டென்ஸ்ருட்டிலிருந்தும் பனியில் வந்துபோன உறவுகளுக்கும், கப்டன் ஆர்னேக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆர்னே, இதை என் மகன் உங்களுக்கு வாசித்துச் சொல்வான். அந்தக் கற்பூரத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சாள் இன்னும் அந்தக் குடாவில்தான் கிடக்கிறாள். உடைப்பார்களா, ஓட்டுவார்களா, யாருக்கும் தெரியாது. அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடைக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போவேன். நெருப்பு வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு முன் அந்தச் சுற்றை உரிக்க உள்ளே இறங்குகிறவர்கள் எல்லாரும் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கட்டும், பிள்ளை குட்டி இல்லாதவர்களும்.