பெரிய திரையில் எரிந்த விளக்கு

வடிவு போய்விட்டாள் என்று காலையில் போன் வந்தபோது நான் நம்பவில்லை. யார் சொன்னது, நீ கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். பேசியவன் தடுமாறினான். அவள் நம்பருக்கே போட்டேன். அவள் தம்பி எடுத்தான், அழுகைதான் வந்தது. அதற்குப் பிறகுதான் நானும் அழுதேன்.

அவளுடைய கம்ப்யூட்டர் சென்டரில் படித்த உங்களுக்கு அவளது சந்தேகப் புத்தி தெரியும். பிரிண்டர் ஓடவில்லை என்றால், "மிஷின் சொல்லிச்சா, நீயா சொல்லுதியா?" என்பாளாமே. அந்தப் புத்திதான் எங்கள் வீட்டையும் காத்தது.

என் மருமகள் செல்வி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டர் அங்கே இருக்கும். அதன் திரை மட்டும் இணையத்தில் இங்கே தெரியும். லேப்டாப்பின் சின்னத் திரையில் பார்த்தவரை சிக்கல் இல்லை. கண் வலிக்கிறது என்று பெரிய திரை ஒன்றை வாங்கி மாட்டினாள். அன்றிலிருந்து, சாயங்காலம் வரை வரும் அன்றைய டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்தது. வேலை பாதியில் நின்றது. மேனேஜர் நம்பவில்லை. "எல்லாரும் இதே வேலைதான் பாக்குறாங்க. நீங்க மட்டும் சினிமா பாக்குறீங்களா? அடுத்த மாசம் சென்னைக்கே வந்துடுங்க" என்றுவிட்டார். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். பால் மறக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் தனியாக எங்கே போவாள்?

எனக்குச் சந்தேகம் மாடி வீட்டுக்காரன் மேல். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று நான் இடம் பிடித்துப் போட்ட துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தவன் அவன். நான் மறக்கவில்லை. வடிவை வரச் சொன்னேன்.

"ஏட்டி, அவன்தான் நம்ம வைஃபையத் திருடுதான். கையோட பிடிச்சுக் குடு."

"பிடிப்போம் ஆச்சி. மொதல்ல அவனை ஒதுக்கிட்டுப் பாப்போம்."

பாஸ்வேர்டை மாற்றினாள். மறுநாளும் மத்தியானமே தீர்ந்தது. எனக்கு ஏமாற்றம்தான். அடுத்து பெரிய திரையைக் கழற்றினாள். டேட்டா சாயங்காலம் வரை நின்றது. மாட்டினாள், கரைந்தது.

"ஆளு வீட்டுக்குள்ளதான் இருக்கான் ஆச்சி" என்று நாற்காலியைப் போட்டுத் திரையை முறைத்தாள். நடுவில் கணக்கு. ஓரத்தில் கோமதி அம்மன் படம். அம்மனுக்கு முன்னால் இரண்டு குத்துவிளக்குகள் சுடர் ஆடி எரிந்துகொண்டிருந்தன. வேலைக்குச் சேர்ந்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் செல்வி வைத்த அசையும் படம் அது.

"சின்னத் திரையில இந்த அம்மன் தெரிவாளா?" என்று செல்வியைக் கேட்டாள்.

"தெரிய மாட்டாக்கா. கணக்குப் பக்கமே முழுசா மூடிக்கிடும்."

வடிவு என் பக்கம் திரும்பினாள். "அங்கன இருந்து இங்கன வாரது படம்தான் ஆச்சி. மாறாத இடத்தைத் திருப்பி அனுப்பாது. மாறுத இடத்தை மட்டும் அனுப்பும். சின்னத் திரையில விளக்கு மறைஞ்சு கிடந்துச்சு. பெருசுல ஓரத்துல இடம் கிடைச்சுட்டு. சுடர் ஆட ஆட, ஒவ்வொரு ஆட்டத்தையும் சென்னையில இருந்து அனுப்பிக்கிட்டே இருக்கு. திரை பெருசுன்னா படமும் பெருசு, டேட்டாவும் கூட."

செல்வியின் முகம் வாடிவிட்டது. "ஏத்துன விளக்கை நானே எடுக்கணுமாக்கா?" வேலை போனாலும் போகட்டும் என்பதுபோல் நின்றாள். எனக்கும் எடுக்க மனசில்லை.

வடிவு சிரிக்கவில்லை. "யாரு எடுக்கச் சொன்னா? கருவறையில காத்தா அடிக்கி, சுடர் ஆட? அசையாம எரியட்டும்" என்று, அதே அம்மனை விளக்கோடு சாதாரணப் போட்டோவாக வைத்துக் கொடுத்தாள். அன்று டேட்டா சாயங்காலத்தைத் தாண்டியது.

அசையும் படத்தோடு ஒரு மணி நேரம், போட்டோவோடு ஒரு மணி நேரம் என்று ஓட்டி, இரண்டிலும் செலவான டேட்டாக் கணக்கை மேனேஜருக்கு அனுப்ப வைத்தாள். "நம்ம வாயை நம்ப மாட்டான், மிஷின் சொன்னா நம்புவான்" என்றாள். அவர் சென்னைப் பேச்சை விட்டார். சினிமா பார்த்தாயா என்று கேட்டது தப்பு என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. அதை நான் விடப்போவதில்லை.

சந்தேகப்படுவதையும் விடப்போவதில்லை; வடிவு அதை விடச் சொன்னதே இல்லை. ஆனால் இப்போது யார் மேல் சந்தேகம் வந்தாலும், முதலில் அந்த ஆளை ஒதுக்கிவிட்டு ஒரு நாள் பார்க்கிறேன். அதுவரை வாயைத் திறப்பதில்லை. வடிவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். இதை எழுதும்போது அடுத்த அறையில் செல்வி கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. பிள்ளை அவள் காலடியில் தூங்குகிறது.