புகை இல்லாத வீடு

என் மனைவி கமலா முதன்முதலாகத் தலைவலி என்றது ஓர் ஐப்பசி மாலையில். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்திருந்தேன். அடுப்பு கனிந்து கிடந்தது. அதன்மேல் எதுவும் ஏற்றப்படவில்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"தல வலிக்குதுங்க. இதோ வைக்கறேன்" என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் நடந்தது இது. நான் அங்கே அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். இளைப்பு நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். என் மனைவியை நோய் படுத்தியதைவிட என் வைத்தியம் படுத்தியது அதிகம்.

அவளுக்கு ஆஸ்துமா (மூச்சுக்குழல்கள் சுருங்கி இளைப்பு வரும் நோய்) கல்யாணத்துக்கு முன்பே உண்டு. எனக்கு மலைக்கு மாற்றல் வந்ததும் திருப்பத்தூர் டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார்: புகை ஆகாது, குளிர்காற்று ஆகாது. நான் இரண்டையும் கடைசி எல்லை வரை கொண்டுபோனேன். விறகை நிறுத்தி, கும்முட்டி அடுப்பும் மரக்கரி மூட்டையும் வாங்கினேன். கனிந்த கரி புகையாது. அடுத்தது குளிர். அங்கே சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் வீடு கட்டுவார்கள். எங்கள் வீட்டுச் சந்தில் பழைய விடைத்தாள்களைத் திணித்து, களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசினேன். ஜன்னலுக்குச் சாக்குத் தைத்தேன். ஒரு ஞாயிறு முழுக்க ஏணியில்தான் நின்றேன்.

பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா சாமை புடைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். அவளுக்குக் கமலாவின் வயதுதான் இருக்கும். வாய் பெரிது.

"இன்னா வாத்யாரே, இது வூடா குதிரா?"

குதிர் என்பது தானியம் கொட்டி வைக்கும் ஆளுயர மண்கூடு. அதன் வாயைக் காற்றுப் புகாமல் மெழுகிவிடுவார்கள்.

"குளிர் வரக்கூடாதுன்னு அடைக்கிறேன்" என்றேன்.

"நாங்க புழு சாவட்டும்னு அடைப்போம். உள்ள கீற காத்த மூச்சு வுட்டே தீத்துட்டு, அதுவே செத்துப்பூடும். நீ யார சாவடிக்க அடைக்கற?"

கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வாரமே வகுப்பில் சுவாசப் பாடம் நடத்தினேன். சுண்ணாம்புத் தெளிநீரில் குழாயை வைத்து ஊதிக் காட்டினேன். நீர் பால்போல் வெளுத்தது. "நாம் இழுக்கும் பிராணவாயுவோடு சேர்ந்து, தின்ற சோறு உடம்புக்குள் மெதுவாக எரிகிறது. அந்தச் சூட்டிலும் பலத்திலும்தான் நடக்கிறோம், நினைக்கிறோம். எரிந்தபின் மிஞ்சுவது கரியமிலவாயு. அது உள்ளே தங்கினால் இரத்தம் புளித்துப்போகும். அதனால் வெளியே விடுகிறோம். அடுப்பும் நாமும் ஒரே ஜாதி" என்றேன். அடைத்த அறையில் அடுப்பும் அவளும் ஒரே காற்றுக்குப் போட்டியிடுவது என் புத்தியில் ஏறவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. கமலாவின் இளைப்பு நின்றுவிட்டது. விறகுப்புகை போனதால் நின்றது. நான் என் பூச்சுவேலையை மெச்சிக்கொண்டேன். அவள் தலைவலி என்றால், வாந்தி என்றால், முழங்கால் துவள்கிறது என்றால், நான் கேட்டது ஒரே கேள்வி.

"மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க."

"அப்புறம் இன்னா?"

"ஓடைக்குப் போனா சரியாயிடுது. வூட்டுக்குள்ள வந்தாதான் வருது."

"ஊர்க்கதைன்னா போயிடும், வேலைன்னா வந்துடும். நல்ல வியாதி."

கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் மயங்கி விழுந்தாள். சின்னப்பாப்பாவின் புருஷன் காளியும் அவன் தம்பியும் டோலி கட்டித் தூக்கினார்கள். நாலு மணி நேர இறக்கம், முழுக்க மலைக்காற்று. அடிவாரத்துச் சந்தவாசலில் இறக்கியபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு இட்லி தின்றாள். அங்கிருந்த டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கே சார், எதுக்கு இவ்ளோ தூரம்?" என்றார்.

"வாத்யாரே, திரும்பறப்ப அம்மாதான் நம்மள தூக்கினு போவும் போல" என்றான் காளி.

அவன் கேலிக்குச் சொன்னான். எனக்கு அவமானமாக இருந்தது. ஆட்கள் காதுபடவே அவளிடம் சொன்னேன்: "உனக்கு நடிப்பு நல்லா வருது."

அவள் டோலியில் ஏறவில்லை. மலை முழுக்க நடந்தே ஏறினாள். வீடு வந்ததும் நான் சாக்கின் ஓரத்திலிருந்த இடுக்கையும் மெழுகினேன்.

பத்து நாள் கழித்து அடைமழையால் பள்ளிக்கு விடுமுறை. அன்றுதான் முதல்முறையாகப் பகல் முழுதும் அந்த வீட்டுக்குள் இருந்தேன். நண்பகலுக்குள் நெற்றிப்பொட்டு இடித்தது. மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். கமலா அடுப்போரம் சரிந்து கிடந்தாள். எழுந்து போகப் பார்த்தேன். கால்கள் என்னுடையவையாக இல்லை. மூச்சு மட்டும் சுகமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

மழையில் தீப்பெட்டி நமத்துப்போனால் பக்கத்து வீட்டில் கங்கு வாங்குவது அங்கே வழக்கம். சின்னப்பாப்பா ஓட்டுச்சில்லோடு வந்தவள், கூப்பிட்டும் யாரும் வராததால் கதவை உதைத்தாள். முதலில் கமலாவை, பிறகு என்னைக் காலைப் பிடித்து இழுத்து மழையில் போட்டாள். கண் திறந்தபோது வாயெல்லாம் மழைத்தண்ணீர்.

"படிச்சவனாம் படிச்சவன்! எழுந்துரு வாத்யாரே, உம் பொண்டாட்டி எழுந்துக்கல!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மறுபடி டோலி, சந்தவாசலில் ஒரு லாரி, வேலூரில் ஆஸ்பத்திரி. இந்த முறை மலைக்காற்று போதவில்லை. இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பிராணவாயுக் குழாயை மூக்கில் வைத்திருந்தார்கள். நடைவழியில் ஓர் இளம் டாக்டர் என்னை நிறுத்தினார்.

"என்ன எரிச்சீங்க? ஜன்னல் திறந்திருந்ததா?"

சொன்னேன். அவர் விளக்கினார். காற்றுப் போதாமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு (நிறமோ மணமோ இல்லாத நச்சுவாயு) வரும். ஹீமோகுளோபினில் (இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) அது ஏறி உட்கார்ந்துகொண்டு பிராணவாயுவுக்கு இடம் கொடுக்காது.

"மூச்சே முட்டலையே டாக்டர்?"

"முட்டாது. கரியமிலவாயு உள்ளே சேர்ந்தால்தான் உடம்பு மூச்சுக்குத் தவிக்கும். அதுதான் ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்ததே. அதனால் உடம்பு எச்சரிக்காது. தலைவலி, வாந்தி, சோர்வு, அவ்வளவுதான். இதெல்லாம் முன்னாலேயே சொன்னாங்களா?"

"சொன்னா."

"எத்தனை நாளா?"

நான் ஐப்பசியிலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"அறிவியல் வாத்தியார்."

அவர் பேனாவை மூடினார். திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் கண் விழித்தாள். தை முடிவதற்குள் நடந்தாள். விரல் நடுக்கம் கடைசிவரை போகவில்லை; ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள். ஐப்பசியும் கார்த்திகையும் அவள் நினைவிலிருந்து துடைத்தெடுத்ததுபோல் போய்விட்டன.

சந்தவாசலில் நான் சொன்னதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். சிரித்தாள்.

"நடிப்புன்னா சொன்னீங்க? சொல்லியிருந்தா சும்மா வுட்டிருப்பனா உங்கள?"

வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒப்புக்கொண்டேன். கடைசியில் அவளுக்கே அலுத்துப்போயிற்று. "எனக்கே ஞாபகம் இல்லாதத நான் இன்னான்னு மன்னிக்கறது? போய் வேலயப் பாருங்க" என்றாள். அதற்குப்பின் முப்பது வருஷம் இருந்தாள். வேறு நோயில் போனாள்.

இன்றும் பனி விழுந்தால் ஜன்னலை அடைத்துக்கொண்டு கரி மூட்டுகிறார்கள். கேட்டால், டாக்டர் காற்றுப் படக்கூடாது என்றாராம். என்னிடம் அதைச் சொல்லாதீர்கள். அடுப்பு இருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நோயாளி தலைவலி என்றால் தலைவலி என்றே நம்புங்கள்.

வெளிவிட்ட மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஒரு சின்ன நிறுத்தம் உண்டு. அறுபது வயதுக்குமேல் அது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. நானாக இழுக்காமல் காத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் கரியமிலவாயு சேர்ந்து, நெஞ்சு தானாகவே கேட்கும். நான் கொடுப்பேன். ஒரு நாளைக்குப் பலமுறை இது நடக்கிறது. வேறெதிலும் மனம் ஓடுவதில்லை. அவள் நெஞ்சு அப்படிக் கேட்கவில்லை. அவள்தான் வாய்விட்டுக் கேட்டாள், ஒன்றரை மாதம், தினமும்.