மஞ்சள் ஸ்வெட்டரின் இடது கை

இந்த ஊரில் நூல் வாங்குகிறவர்கள் நூலைக் கழுத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், கடற்காற்று ஓயாத இந்தச் சிறிய ஊருக்கு நான் வந்து எட்டு வருடங்கள் ஆகின்றன. இன்னும் எனக்கு அது கூச்சமாகத்தான் இருக்கிறது. நூல்கடைக்குள் நுழைந்தால், என் வயதுப் பெண்கள் தாடையைத் தூக்கி, ஒரு நூல்கண்டைக் காதுக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். கைக்கு மெத்தென்று இருக்கும் நூல்கூடக் கழுத்தில் குத்தும், அதனால் கழுத்தைத்தான் நம்ப வேண்டும் என்று மார்கரெட் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஊர் நூலகத்தில் வியாழன்தோறும் கூடும் பின்னல் வட்டத்தை நடத்துகிறவர் அவர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையைத் தவிர இந்த ஊரில் வேறு எதுவும் தெரியாமல் இருந்த என்னை, பேருந்தில் நான் பின்னிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, தானாக வந்து பேசி அழைத்துப் போனவர்.

கள்ளக்குறிச்சியில் நான் நூல் வாங்கிய ஃபேன்சி ஸ்டோரில் நூலைத் தொடவே முடியாது. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், வளையல், ரிப்பன், சவுரிமுடி எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி அடுக்கில் பிளாஸ்டிக் உறைக்குள் உல்லன் நூல் இருக்கும். உல்லன் என்பது பெயர்தான். ஒரு ஆட்டு முடிகூட அதில் கிடையாது, முழுக்க அக்ரிலிக் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் கொக்கி வைத்த குச்சியால் உறையை இறக்கிக் கண்ணாடி மேஜையில் வைப்பார்.

"தொடாதக்கா. கை அழுக்கு பட்டா அப்புறம் எவன் வாங்குவான்? கலரை மட்டும் பாத்துச் சொல்லு."

"மெத்துனு இருக்குமா?"

"உல்லன்னா மெத்துனுதான் இருக்கும், கல்லு மாதிரியா இருக்கும்? ஊரே வெயில்ல வேவுது, உனக்கு இன்னாத்துக்குக்கா இது?"

"கரியாலூர்ல வேலை."

"ஓ, மலை மேலயா? அப்ப ரெண்டு ஜாஸ்தியாவே எடுத்துக்கினு போ. மார்கழில அங்க பல்லு தந்தி அடிக்கும்."

அன்று வாங்கியது வெளிர் மஞ்சள், நான்கு உருண்டை. வாங்கும் ஒவ்வொரு நூலிலும் நான்கு விரல் நீளம் வெட்டி டைரியில் ஒட்டி, பக்கத்தில் கடை, எடை, என்ன பின்னினேன் என்பதை எழுதி வைப்பது என் வழக்கம். அந்த மஞ்சள் துண்டு இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஊருக்குப் போயிருந்தபோது அதே கடைக்குப் போனேன். அதே கடைக்காரர், மீசை நரைத்திருந்தது. அவர் திரும்பியிருந்த நேரத்தில் பழக்கதோஷத்தில் ஒரு உருண்டையைக் கழுத்தில் வைத்துவிட்டேன். "இன்னாக்கா, தாலிக்கயிறா வாங்கற?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இங்கே யாரும் சிரிக்காத ஒரு காரியத்துக்கு அங்கே சிரிக்கிறார்கள் என்று டைரியில் எழுதினேன்.

வியாழக்கிழமை வட்டத்தில் நாங்கள் பின்னுவதெல்லாம் சின்னச் சின்னப் பொருள்கள். தேநீர்க் கெட்டிலுக்கு ஒரு சட்டை, வெந்நீர்ப் பைக்கு ஒரு உறை, காலுறை. அவித்த முட்டை ஆறாமல் இருக்க ஒரு குல்லா. கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் அக்கா வசந்தாவிடம் போனில் சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை.

"முட்டைக்குக் குல்லாவா? அவிச்ச முட்டைக்கா?"

"ஆமாக்கா, சூடு போவாம இருக்க."

"அதுக்குள்ள தின்னுட வேண்டியதுதான?"

அவள் மட்டும் என்ன, மிக்சிக்கும் டி.வி.க்கும் உல்லனில் உறை போட்டு, வாசலுக்கு உல்லன் தோரணமும் கட்டியவள்தான். அதை நான் சொல்லிக்காட்டினால், "அது அழகுக்குடி" என்பாள்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை, மார்கரெட் பெரிய பை நிறைய நூலோடு வந்தார். அவருடைய மகள் கேட்டிக்கு ஆறாவது மாதம். அதற்கு முந்தைய வருடம் கேட்டிக்கு ஒரு குழந்தை தங்காமல் போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தக் குழந்தைக்கு வட்டம் முழுவதும் சேர்ந்து ஒரு போர்வை பின்ன வேண்டும் என்றார் மார்கரெட். இருபது சதுரம், ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஆறு அங்குலம், எல்லாம் நல்ல கம்பளி நூல். பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே இணைத்துத் தைத்துவிட வேண்டும். பையை முதலில் என் பக்கம் நகர்த்தினார். வட்டத்தில் அளவு பிசகாமல் பின்னுகிறவள் நான்தான் என்பது அவர் கணிப்பு.

"உனக்கு எந்த நிறம் வேண்டும்?"

"நான் பிறகு தருகிறேன்."

"எதற்குப் பிறகு?"

"குழந்தை பிறந்த பிறகு."

அவருக்குப் புரியவில்லை. வேலை அதிகமா என்று கேட்டார். ஆமாம், நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆனால் நேரமில்லை என்று சொன்னவளின் மடியில் பாதி முடிந்த முட்டைக் குல்லா இருந்தது. மார்கரெட் அதைப் பார்த்தார். பிறகு பையை எடுத்து அடுத்தவரிடம் கொடுத்தார்.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறக்காத பிள்ளைக்கு நாம் எதுவும் செய்துவைப்பதில்லை. தொட்டில் வாங்குவதில்லை, சட்டை தைப்பதில்லை. பிறந்ததும் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவோம். அல்லது நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிற இன்னொரு குழந்தையின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுவோம். புதுத்துணி எல்லாம் அப்புறம்தான். நான் நர்ஸ். நூலுக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை எந்த மொழியிலும் என்னால் சொல்ல முடியும். ஆனாலும் என் கை அந்தப் பைக்குள் போகவில்லை. அதற்குக் காரணம் அந்த நான்கு மஞ்சள் உருண்டைகள்.

கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலை பார்த்த காலம் அது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வருவதைக் கன்னத்தில் உணரலாம். மார்கழியில் சாமை அறுத்த கொல்லைகள் மேல் பனி ஒன்பது மணி வரைக்கும் எழுந்திருக்காது. எனக்கு அப்போது ஆறாவது மாதம். படித்தவள் என்ற நினைப்பில், இந்தக் குளிருக்குப் பிறகு பின்ன நேரமிருக்காது என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டு நாளில் ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்தேன். கையிரண்டும் தனியாகப் பின்னித் தோளில் வைத்துத் தைத்தேன். அடுத்த வீட்டு ராமாயி மட்டும் பார்த்தாள். ஐந்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "பொறக்காத புள்ளைக்கு இன்னாத்துக்கு நர்சம்மா இப்பவே?" என்று கேட்டாள். நான் சிரித்தேன்.

ஏழாம் மாதத்தில் எனக்குக் குழந்தை தங்கவில்லை. யார் மேலும் குற்றமில்லை. அப்படி நடப்பது உண்டு என்று எத்தனையோ பெண்களுக்கு ஆறுதல் சொன்னவள் நான். கீழே அம்மா வீட்டில் இருபது நாள் இருந்துவிட்டு மலைக்குத் திரும்பி வந்து, அந்த ஸ்வெட்டரை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ராமாயி உள்ளே வந்தாள்.

"அத குடுங்க நர்சம்மா. எம்புள்ளைக்குப் போடறேன்."

"வாணாம் ராமாயி. இது ஆவாதது. உன் மாமியார் வைவாங்க."

"அது வைதுகினுதான் கெடக்கும். நூலுக்கு இன்னா தெரியும்? எம்பையன் இதப் போட்டுக்கினு நல்லா வளந்துட்டான்னா அப்புறம் இது பழசாய்டும். பழசானா ஒங்க புள்ளைக்குப் போடலாம் இல்ல?"

வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வருடம் குளிர் விடும் வரைக்கும், அவள் மாமியார் திட்டிய திட்டுக்கு நடுவில், அவள் மகன் அந்த மஞ்சள் ஸ்வெட்டரோடுதான் தவழ்ந்தான். அவனுக்குச் சளி பிடித்த நாள்களில் எனக்குத்தான் தூக்கம் வராது. காலையும் மாலையும் போய் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பேன். "என்னைவிட நீங்கதான் ஜாஸ்தி பயப்புடறீங்க" என்பாள் ராமாயி. ஸ்வெட்டரின் கை அவனுக்குச் சிறுத்துப்போனதும், சோப்புப் போட்டுத் துவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த வருடம் என் மகள் பிறந்தபோது அவள் உடம்பில் பட்ட முதல் உடுப்புகளில் அதுவும் ஒன்று. அப்போது அது பழைய துணி.

இதை மார்கரெட்டிடம் எப்படிச் சொல்வது? அக்காவைக் கேட்டேன். "வாணாம்டி. பொறக்கட்டும், அப்புறம் பத்துப் போர்வ பின்னிக் குடு. நீ பட்டது பத்தாதா?" என்றாள். வாரங்கள் போயின. நூல்கடைக்குப் போகும்போது மார்கரெட் என் வீட்டு வாசலில் காரை நிறுத்துவது நின்றுவிட்டது. வட்டத்தில் என்னோடு பேசினார். மழையைப் பற்றி மட்டும். மேஜையில் சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்துகொண்டே வந்தன. பதினைந்து, பதினேழு, பத்தொன்பது. இருபதாவதை மார்கரெட்டே பின்னியிருக்கலாம். அவர் பின்னவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் கேட்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். வயிற்றுக்கு மேல் கோட்டின் பொத்தான் பூட்டவில்லை. பேருந்து வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நீங்கள் நர்ஸ். என்னைப் பார்த்ததில் உங்களுக்கு ஏதாவது தப்பாகத் தெரிந்ததா? அதனால்தான் என் குழந்தைக்குப் பின்ன மாட்டேன் என்கிறீர்களா?"

கோபமாக இருப்பார்கள், என்னை ஒட்டாதவள் என்று நினைப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். இப்படி ஒரு பயத்தை நான் அவள் வயிற்றில் வைத்திருப்பேன் என்று நினைக்கவே இல்லை. இல்லை, அப்படி ஒன்றுமே இல்லை என்று மூன்று முறை சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நர்சுகள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்திருப்பாள். நானும் பலரிடம் அப்படிச் சொன்னவள்தானே. பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தேன். ஊருக்குப் போவதற்கு மட்டும் என்று ஒரு பெட்டி நான் வைத்திருக்கிறேன். அதன் அடியில்தான் அந்த ஸ்வெட்டர். புதியதுதான் கூடாது, பழையது கூடும். ராமாயி இருபத்தைந்து வருடம் முன்பு சொன்ன கணக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து இடது தோள் தையலைப் பிரித்து, கையைத் தனியாக எடுத்து, மேலிருந்து அவிழ்த்தேன். கம்பளியாக இருந்தால் நனைத்துக் காயவைத்தால் நெளிவு போய்விடும். இது போகவில்லை. நெளிவோடே பின்னினேன். முப்பத்திரண்டு கண்ணி, நாற்பத்து நான்கு வரிசை. பக்கத்துக்கு ஆறு அங்குலம் சரியாக வந்தது. மிஞ்சிய நூல் ஒரு சாண்.

மார்கரெட் வீட்டுக் கதவைத் தட்டி, சதுரத்தைக் கையில் கொடுத்தேன். அவர் பழக்கத்தில் தாடையைத் தூக்கி அதைக் கழுத்தில் வைத்துக் கண்ணை மூடினார்.

"அக்ரிலிக்" என்றார்.

"ஆமாம்."

"பழைய நூல்."

"ஆமாம். அதனால்தான்."

உட்காரச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் நோயாளிகளின் குறிப்பேட்டில் எழுதும் ஆங்கிலம். அந்த வரிசையிலேயே சொன்னேன். எத்தனையாவது மாதம், எந்தத் தேதி, என்ன எடை. பிறகு ராமாயியைப் பற்றிச் சொன்னேன். அவள் மாமியார் திட்டியதையும் சொன்னேன். முடித்ததும் மார்கரெட் ஒன்று கேட்டார்.

"அந்த இரண்டு குழந்தைகளும் இப்போது?"

"ஒருவன் கரியாலூருக்கு ஜீப் ஓட்டுகிறான். இன்னொருத்தி கிளாஸ்கோவில் படிக்கிறாள். கோடை விடுமுறையில் இங்கே சாப்பிட்டுவிட்டுப் போனாளே."

அவர் சதுரத்தை முழங்கால் மேல் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "போன முறை கேட்டிக்கு நான் ஒன்றும் பின்னவில்லை. நேரமிருக்கிறது என்று தள்ளிப்போட்டுவிட்டேன். வெறும் கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றார். பிறகு, "அதனால்தான் இந்த முறை..." என்று நிறுத்திக்கொண்டார்.

நான் பின்னியதால் போனது என்று என் கை நினைத்துக்கொண்டிருந்தது. பின்னாததால் போனது என்று அவர் கை. அவர் அடுப்படிக்குப் போய்க் கெட்டிலை வைத்தார். திரும்பி வந்தபோது குரல் பழையபடி வட்டத்தை நடத்துகிறவரின் குரலாகிவிட்டது.

"பத்தொன்பது கம்பளி, ஒன்று அக்ரிலிக். எப்படித் துவைப்பது?"

"குளிர்ந்த தண்ணீரில் கையால்."

"கேட்டி கையால் துவைத்து நான் பார்த்ததில்லை. அதை நீதான் அவளிடம் சொல்ல வேண்டும். மற்றதையும் சேர்த்துச் சொல்."

அன்று மாலையே போய்ச் சொன்னேன். கேட்டி மஞ்சள் சதுரத்தை வயிற்றின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, ராமாயியின் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் தப்பாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை.

குழந்தை மார்கழி பிறந்த வாரத்தில் வந்தது. பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு. நான் போனபோது போர்வையின் மேல் மூலையில், தாடைக்குக் கீழே வரும் இடத்தில், மார்கரெட் அந்தச் சதுரத்தை வைத்துத் தைத்திருந்தார். மற்றவை எல்லாம் வழவழப்பாகப் படிந்திருக்க, அது மட்டும் கொஞ்சம் நெளிந்து உயர்ந்து நின்றது. குழந்தை அதைப் பாலால் நனைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து டைரியில் ஒரு சாண் நூலை ஒட்டினேன். எதிர்ப்பக்கத்தில் கரியாலூரின் பெயரையும் இந்த ஊரின் பெயரையும் எழுதினேன். பிறகு ஸ்வெட்டரை ஊருக்குப் போகும் பெட்டியில் திரும்ப வைக்க மடித்தேன். சின்ன உடுப்புகளை மடிக்கும்போது இரண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்காக வைத்து மடிப்பது என் வழக்கம். வலது கை வந்து படிந்தது. இடது கைக்காக என் விரல்கள் கொஞ்ச நேரம் தேடின.