அம்மா சாய்ந்த சுவர்

அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்ததை அவள் முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை சேலையில் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றியதும் திரும்பி நின்று எனக்கு முதுகைக் காட்டுவாள். நான் தட்டிவிட வேண்டும். "இத்தனை பெஞ்சு கிடக்கு, அந்தச் சுவர்ல போய்த்தான் சாயணுமாக்கும்" என்று சிடுசிடுத்துக்கொண்டே தட்டுவேன். "அங்கன சாய்ஞ்சாத்தாம்ட்டி எனக்கு ஜெபம் வருது" என்பாள். தேயிலைக் கொழுந்துச் சாக்கைச் சுமந்து சுமந்து ஓய்ந்துபோன முதுகு அது. அந்தச் சுவரின் குளிர்ச்சி அவளுக்கு இதமாக இருந்திருக்கும். ஜெபம் வந்ததோ தூக்கம் வந்ததோ, யார் கண்டது?

கோயில் என்று நான் சொல்வது சர்ச்சைத்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைக்காக மலையேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்களுடையவை. ஏறி எத்தனை தலைமுறை ஆனாலும் வாயில் கோயில் என்றுதான் வரும். எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சின்னக் கட்டடம் அது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், சுவரில் ஈரம் ஏறுகிறது என்று கமிட்டிக்காரர்கள் சேர்ந்து உள்ளும் புறமும் சிமெண்ட் பூசிவிட்டார்கள். உள்ளே போன மழைத்தண்ணீருக்கு வெளியேற வழி இல்லாமல் போய்விட்டது. சிமெண்ட்டுக்கு மேலே வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடிப்பார்கள். ஈரத்தில் அது பிடிக்காது. பெண்கள் உட்காரும் பக்கத்துத் தெற்குச் சுவர்தான் ரொம்ப மோசம். அதனால்தான் அம்மாவின் முதுகு எப்போதும் வெள்ளையாக இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழை விடாமல் பெய்தபோது தெற்குச் சுவரின் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே கல்லுக்கு இடையில் இருந்த காரையெல்லாம் கரைந்து, கூரைக்கட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கூரை விழாமல் உள்ளே வரிசையாக முட்டுக் கம்புகள் கொடுத்துக் கோயிலைப் பூட்டினார்கள். சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பிலேயே கட்டினால்தான் சுவர் நிற்கும் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். அதற்காகப் பாலக்காட்டு எருத்தேன்பதியிலிருந்து ஒரு கொத்தனார் ஆட்களோடு வந்து இறங்கினார். கோயில் முற்றத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றிப் போட்டார். சுண்ணாம்பில் சேர்ப்பதற்காகப் பீப்பாயில் கடுக்காயும் வெல்லமும் ஊறின. கோயிலில் கள்ளுக்கடை வாசம் அடிக்கிறது என்று சபையில் ஒரு பெண்மணி போதகரிடம் போய்ப் புகார் சொன்னாள். கள்ளுக்கடை வாசம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று போதகர் கேட்கவில்லை.

அதே சமயத்தில்தான் கோட்டயம் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றுக்குள் இருந்தது எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது, இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் உடுமலைப்பேட்டையில் வைத்திருக்கும் தையல் கடையைப் பூட்டிவிட்டு மலைக்கு வந்தேன். அம்மாவும் அப்பாவும் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் பத்து வீட்டுக்கும் பொதுவான முற்றம். துணி காயப்போடுவது, மீன் கழுவுவது, சண்டை பிடிப்பது எல்லாம் அந்த முற்றத்தில்தான்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்னையக் கோயிலுக்குள்ள வச்சு ஜெபம் பண்ணி எடுங்க. இந்த முத்தத்துல வச்சு எடுத்துராதீக."

"இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு" என்றேன்.

"பின்ன எப்ப பேச? போன பொறவா?"

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு கோயிலைப் பார்க்கப் போனார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் வரை அவர் தேயிலை ஃபேக்டரியில் டிரையர்க்காரர். ஈரத் தூள் டிரையருக்குள் போய்க் காய்ந்து கறுப்பாக வெளியே வரும்போது கையில் அள்ளிப் பார்த்துப் பதம் சொல்ல வேண்டும். அதுதான் அவர் வேலை. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் கெட்டுப்போகும் எதுவும் ஈரத்தால்தான் கெட்டுப்போகிறது. எனக்குச் சளி பிடித்தால் கரி போட்ட கணப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்துவிடுவார். நோட்டுப் புத்தகம் மழையில் நனைந்தால் அதைப் பக்கம் பக்கமாக அனலில் காட்டி, வடகம் மாதிரி மொறுமொறுவென்று திருப்பிக் கொடுப்பார்.

அவர் கொத்தனாரிடம் கேட்டது, அந்தத் தெற்குச் சுவரை மட்டும் சீக்கிரம் முடித்து முட்டுக் கம்புகளை எடுக்க முடியுமா என்றுதான். முட்டுகளை எடுத்தால்தான் உள்ளே சவப்பெட்டி வைக்க இடம் இருக்கும். அம்மாவின் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கொத்தனார் நல்ல மனிதர். மற்ற வேலையை நிறுத்திவிட்டு எல்லா ஆட்களையும் தெற்குச் சுவரில் போட்டார். கல் இடுக்கையெல்லாம் சுண்ணாம்புக் காரையால் அடைத்து மேலே முதல் பூச்சும் பூசி முடித்தார்கள். முடித்த கையோடு சாக்குகளை நனைத்துச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டார்கள்.

அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காய வேண்டிய சுவருக்கு எவனாவது ஈரச் சாக்குப் போடுவானா?" என்று வீட்டில் வந்து கத்தினார்.

மறுநாள் நானே போய்க் கொத்தனாரிடம் கேட்டேன்.

"ஏனுங்க அக்கா, இது சிமெண்ட் இல்லீங்க. மெதுவாத்தானுங்க இறுகோணும். வெரசலாக் காஞ்சா உள்ள பிடிக்காதுங்க" என்றார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, "ஐயா, நாங்க தீவாளிக்கு ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றோமுங்க. அதுவரைக்கும் காத்தாலயும் பொழுதோடவும் சாக்குல தண்ணி தெளிச்சு வுட்ருங்க. வந்ததும் பாத்துட்டு முட்டுக் கம்பை எடுத்தர்லாமுங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அப்பா தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். கொத்தனாரும் ஆட்களும் ஜீப்பில் மறையூருக்கு இறங்கிப் போனார்கள்.

அந்த வாரம் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கஞ்சித் தண்ணீர் இறங்கினால் பெரிய காரியம். அப்பா கட்டிலருகில் நிற்பார், கோயிலுக்குப் போவார், திரும்பி வந்து மறுபடி நிற்பார். தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். கோயில் கதவு திறந்திருந்தது. சாக்குகளை எல்லாம் அவிழ்த்து வெளியே போட்டிருந்தார். தெற்குச் சுவரின் அடியில் வரிசையாகக் கணப்புச் சட்டிகள், எல்லாவற்றிலும் கரி கனிந்து கிடந்தது. லயத்தில் வீடு வீடாகப் போய் இரவல் வாங்கியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

சுவர் நன்றாக வெளுத்திருந்தது. அப்பா எழுந்துபோய்ப் புறங்கையை அதில் வைத்துப் பார்த்தார். ஃபேக்டரியில் தூளைப் பார்க்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "பதம் வந்திருச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தையல்காரிக்கு ஈரம் என்றால் இஸ்திரிப் பெட்டிதான் ஞாபகம் வரும். சுண்ணாம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அன்று சாயங்காலம் அப்பா கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "சுவர் காஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை உன்னைய நாற்காலியோட தூக்கிட்டுப் போறேன். உசுரோடவே போய் உக்காரு" என்றார். அம்மா சிரித்தாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது. என்னைக் கூப்பிட்டு நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையை எடுத்துவைக்கச் சொன்னாள். நான் அதை இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். அன்று அவள் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள்.

ஊரிலிருந்து திரும்பிய கொத்தனார் கோயிலுக்குள் போனபோது நானும் அப்பாவும் கூட இருந்தோம். சுவரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தது. அவர் கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டினார். காலி டப்பாவைத் தட்டிய மாதிரி சத்தம் கேட்டது. இன்னொரு இடத்தில் தட்டியதும் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு கழன்று விழுந்தது. கல் இடுக்கில் விரலை விட்டார். காரை மாவு மாவாகக் கொட்டியது.

அவர் திரும்பி மூலையில் அடுக்கியிருந்த கணப்புச் சட்டிகளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். "அத்தனையும் எடுத்துப்போட்டு மறுக்காத்தானுங்க பண்ணோணும்" என்று மட்டும் சொன்னார். முட்டுக் கம்புகளை எடுக்க முடியாது. சுவரைத் தோண்டுவதால் இன்னும் கொஞ்சம் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்பா கீழே கிடந்த மாவை உள்ளங்கையில் அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொத்தனார் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டுவிட்டு அவரை வெளியே கூட்டிவந்தார்.

எனக்கு அந்தக் கொத்தனாரின் பொறுமை இல்லை. வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் வைத்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். சொன்னபடி தண்ணீர் தெளித்தால் என்ன, யாரைக் கேட்டுத் தீ மூட்டினீர்கள் என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அடுப்படிக்கும் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தட்டி. அம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

"ஏட்டி, இங்கன வா" என்று கூப்பிட்டாள். போனேன். "அவுகள ஏசாத. காயவச்சே பழகுன மனுசன். எனக்காகத்தான செஞ்சாக."

"இனி ஞாயித்துக்கிழமை போக முடியாதும்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியுது" என்றாள். பிறகு, "சேலைய உள்ள வச்சிரு, தூசி படும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் பார்த்தாள். அடுத்ததைப் பார்க்கவில்லை. ஒரு காலையில் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. நீலக் கரைச் சேலையை மடிப்புப் பிரித்து நான்தான் உடுத்திவிட்டேன். சபையார் வந்தார்கள். முற்றத்துக் கொடிகளை அவிழ்த்துவிட்டுத் தார்ப்பாய் கட்டினோம். எங்கே வைக்க வேண்டாம் என்றாளோ, அங்கேதான் அம்மாவை வைத்தோம். தூறல் தார்ப்பாயில் தேங்கித் தேங்கி ஓரமாக வழிந்தது. போதகர் நல்லபடியாகத்தான் ஜெபித்தார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. அப்பா மேல், கமிட்டி மேல், அந்தச் சுவர் மேல், கடவுள் மேல், எல்லோர் மேலும் கோபமாக இருந்தது.

கல்லறைக்குப் போகும் பாதை கோயில் வாசல் வழியாகத்தான் போகிறது. அங்கே வந்ததும் அப்பா, "கொஞ்சம் எறக்குங்கப்பா" என்றார். பெட்டியை வாசற்படியில் இறக்கினார்கள். கொத்தனார் உள்ளே வேலையை நிறுத்திவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார். உள்ளே தரை முழுக்க முட்டுக் கம்புகள் நின்றன. ஒரு ஆள் சாய்ந்து சாய்ந்து போகலாம், பெட்டி போகாது. அப்பா ஒவ்வொரு கம்பாகப் பார்த்தார். பிறகு பெட்டியின் மேல் கையை வைத்து, "இவ்வளவுதான் முடிஞ்சது" என்று அம்மாவிடம் சொன்னார். மறுபடி தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெபமும் ஆன பிறகு அப்பா காலையில் எழுந்து, கறுப்புக் காப்பிகூடக் குடிக்காமல் வெளியே போனார். தேடிக்கொண்டு போனேன். கோயிலில் தெற்குச் சுவரைப் புதிதாகப் பூசிச் சாக்குப் போட்டிருந்தார்கள். அப்பா வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சின்ன டப்பாவால் மொண்டு சாக்கின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே, ஒரு இடம் விடாமல். கொத்தனார் சாரத்தில் நின்றபடி என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்ல வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் வேலையாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஆட்கள் ஊருக்குப் போனபோது, "நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று சாவியைக் கேட்டார். கொத்தனார் தயங்காமல் கொடுத்தார். நான் கடையைப் பார்க்க உடுமலைப்பேட்டைக்குத் திரும்பிவிட்டேன். போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "சுவர் நல்லா ஈரமா இருக்கு" என்று பதில் வரும். அதைக் கேட்டுவிட்டுப் போனை வைக்க எனக்கு மனம் வராது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலைத் திறந்தார்கள்; நானும் மலைக்கு வந்திருந்தேன். முட்டுகள் எல்லாம் போய் உள்ளே விசாலமாக இருந்தது. தெற்குச் சுவர் வெள்ளையாக, ஒரு வெடிப்புக்கூட இல்லாமல் நின்றது. எப்போதும் முன்னால் ஆண்கள் பெஞ்சில் உட்காரும் அப்பா அன்று பெண்கள் பக்கம் வந்தார். அம்மா உட்காரும் இடத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தார். பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஆராதனை முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஏட்டி, இருக்கா?" என்றார்.

பார்த்தேன். சட்டை கறுப்பு. ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை. நன்றாகப் பூசிய சுவர், யார் முதுகிலும் இனி ஒட்டாது.

"இருக்குப்பா" என்று சொல்லித் தட்டிவிட்டேன்.